சுடலைவடிவின் இடது கையில் முழு சிக்னல்

நம்புகிறவர்கள் உட்காருங்கள், நம்பாதவர்கள் எழுந்து போய் உங்கள் சோலியைப் பாருங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற சுடலைவடிவுக்குத் தன்னை நம்பச் சொல்லி யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை. விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, மழை வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊரில் பிறந்தவள். முப்பத்தாறு வயதில், கண்ணாடிக் கட்டடங்களாக நட்டு வைத்த ஒரு பாலைவன நகரத்துக்கு, பதினெட்டு பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிற சலவைக் கம்பெனிக்கு, ரெண்டு வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்குப் போனாள். போகும்போது ஒன்பது வயது மகள் இசக்கியின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

"ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷந்தான். அதுக்கு மேல ஒரு நாள் நின்னா எம்பேரு வடிவு இல்ல."

"ஒன்னைப் புடிச்சு நிப்பாட்டி வச்சாவன்னா?" என்று கேட்டாள் இசக்கி. பிள்ளையா அது, வக்கீல்.

"எவன் நிப்பாட்டுதான்னு பாக்கேன்," என்றாள் வடிவு.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற பால்துரையிடம் போனாள். சென்னையிலிருக்கும் மதினி தன் பழைய போனை அவளுக்குக் கொடுத்திருந்தாள், பழையது என்றாலும் உசத்தியான போன். பால்துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யக்கா, இதுல இ-சிம் போடலாம். அட்டையே கெடையாது. போற நாட்டுக்குத் தோதா இங்கருந்தே வாங்கிக்கிடலாம். எறங்குன ஒடனே பேசலாம்," என்று சொல்லி, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாய் ஒரு படத்தை அச்செடுத்துக் கொடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கடையில் நெட் இல்லை. "ஏர்போர்ட்டுல வைஃபை கெடைக்கும், அங்க வச்சு இந்தப் படத்தைக் கேமராவுல காட்டுங்க. ஆனா ஒண்ணு, ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். தொலைச்சீங்கன்னா போச்சு. உசுரு மாதிரி வச்சுக்கோங்க," என்றான்.

உசுரு மாதிரி வச்சுக்கோ என்று அந்த ஊர்ப் பொம்பளைகளிடம் சொன்னால் அவர்கள் அதைப் பெட்டியில் பூட்ட மாட்டார்கள். பெட்டியைத் திருடன் தூக்குவான், பேப்பரைக் கரையான் அரிக்கும், செத்துச் சுடுகாட்டுக்குப் போனாலும் கூட வருவது உடம்பில் குத்திய பச்சை ஒன்றுதான் என்பது அவர்கள் கணக்கு. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பேட்டரி மிஷினோடு வந்திருந்தாள் பச்சை குத்துகிற மாடத்தி. வடிவு அவள் முன்னால் உட்கார்ந்து இடது முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தைக் காட்டி, பேப்பரை நீட்டினாள். தேளும் மயிலும் அண்ணன் தம்பி பேரும் குத்திப் பழகிய மாடத்தி பேப்பரை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எந்தச் சாமி தாயி?"

"போற ஊரு சாமி."

"மூணு மூலையில கண்ணு வச்சிருக்கு. நாலாவது மூலை மூளியாக் கெடக்கே?" என்றாள் மாடத்தி. மூளியாக இருப்பதைச் சுமந்துகொண்டு ஒரு பொம்பளை கடல் தாண்டலாமா? யாரையும் கேட்காமல் நாலாவது மூலையிலும் ஒரு கண்ணைக் குத்திவிட்டு, மஞ்சளை அப்பி அனுப்பினாள்.

பேப்பரை மறுநாள் வீட்டு ஆடு தின்றுவிட்டது. ஏர்போர்ட்டில் வடிவு போனைக் கைக்கு நேராகப் பிடித்தாள், போன் பார்த்தது, யோசித்தது, படிக்க முடியவில்லை என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. சரி போ என்று வடிவு விமானத்தில் ஏறினாள். அவளோடு அதே கம்பெனிக்கு இன்னும் அறுபத்து மூன்று பெண்கள் ஏறினார்கள்.

அந்த நாட்டில் இறங்கியதும் கம்பெனி பஸ் வாசலில், வேலைக்காரர் விடுதியை மேய்க்கிற கேம்ப் பாஸ் அருமைநாயகம் நின்றிருந்தார். நாசரேத்துக்காரர், நம்ம பக்கத்து ஆள், அதனால் திட்டுவதையும் தமிழிலேயே திட்டுவார். ஆளாளுக்குப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பைக்குள் போட்டார், பிறகு குண்டூசியால் போன்களைக் குத்தி சிம்மைக் கழற்றினார். முந்தின வருஷம் ஒருத்தி சாப்பாட்டு அரிசியில் புழு நெளிவதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பி, அது நாலு நாட்டுக்குப் போய்க் கம்பெனி மானம் கப்பலேறிவிட்டதாம், அன்றிலிருந்து இந்தச் சட்டமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் போனில் அஞ்சு நிமிஷம் பேசலாம், அதுவும் கேம்ப் பாஸ் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேச வேண்டும். வடிவின் போனைக் குத்திப் பார்த்த அருமைநாயகம், "சிம்மு எங்க?" என்றார்.

"இது சிம்மே இல்லாத போனு அண்ணாச்சி."

"அப்ப என்னத்துக்குக் கொண்டாந்த?"

"மணி பாக்க."

பஸ் கிளம்பிப் பத்து நிமிஷம் இருக்கும், வடிவின் கை மணியடித்தது. போன் அல்ல, கை. பச்சை குத்திய இடம் இட்லிக் கொப்பரை மூடி மாதிரி வெதுவெதுவென்று சூடாகி, முழங்கை மடிப்புக்குள்ளிருந்து இசக்கியின் குரல் வந்தது. "யம்மா, எறங்கிட்டியா? சாப்டியா?" வடிவு முழங்கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "எறங்கிட்டேன் தாயி, ஒரு ரொட்டி குடுத்தாவ, அட்டையைத் தின்ன மாதிரி இருந்துச்சு," என்றாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பிரகாசி, வேம்பார்க் கடற்கரைக்காரி, இதைப் பார்த்து அலறவும் இல்லை, சிலுவை போடவும் இல்லை. "யக்கா, ஒங்க கையில எங்க வீட்டு நம்பரும் கெடைக்குமா?" என்றுதான் கேட்டாள். கிடைத்தது. கட்டத்தைத் தொட்டு நம்பரைச் சொன்னால் போதும். பஸ் விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழு பேர் ஊருக்குப் பேசியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அறுபத்து நாலு பெண்களும் அந்தக் கையோடு குடித்தனம் நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிசயம் வருவது பெரிய விஷயமில்லை, வந்த அதிசயத்தை நாலு பேர் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொள்வதுதான் பெரிய விஷயம். இஸ்திரி மேசையில் வடிவுக்கு இடது பக்கம் நிற்கும் இடம் முறை வைத்துச் சுற்றியது, அந்த இடத்தில் நிற்கிறவள் துணியை மடிப்பதுபோலக் குனிந்து முழங்கையில் காதை வைத்துக்கொள்வாள். நீராவி மிஷின் போடுகிற கூச்சலில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஒரு பயலுக்கும் தெரியாது. மாமியாரைத் திட்டுகிறவர்கள் திங்கள்கிழமையே திட்டி முடித்துவிட வேண்டும், மற்ற நாளில் திட்டினால் கை அரிக்கிறது என்று வடிவு சட்டம் போட்டாள். மயில்தாய் என்கிற ஒருத்தி தன் மகனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் அந்த முழங்கை வழியாகவே சொல்லிக் கொடுத்தாள். ஒருத்தியின் தங்கைக்குப் பிள்ளை பிறந்து அழுத முதல் அழுகையை அறுபத்து நாலு பேரும் வரிசையில் நின்று கேட்டார்கள்.

சிக்னலுக்கும் ஒரு குணம் இருந்தது. வடிவு அழுதால் ஒரு கோடுதான் நிற்கும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். கோபப்பட்டால் முழு சிக்னல், பேசுகிறவர் பல் குத்துகிற சத்தம்கூடக் கேட்கும். அதனால் ஊரில் ஏதாவது முக்கியமான சேதி என்றால் வடிவைக் கிண்டிவிடுகிற பொறுப்பைப் பிரகாசி எடுத்துக்கொண்டாள். "யக்கா, நேத்து நீங்க வச்ச மீன் குழம்பு, நம்ம துணி அலசுத தண்ணி மாதிரியே இருந்துச்சே, எப்படி வச்சீய?" என்று ஆரம்பிப்பாள். "ஏட்டி, ஒனக்கு நாக்கு இருக்கா, செருப்பு அட்டை இருக்கா?" என்று வடிவு எழும்பும்போது அந்தப் பக்கம் நிற்கிறவளுக்குத் தெள்ளத்தெளிவாக லைன் கிடைத்திருக்கும். வேண்டுமென்றே கிண்டுவதுதான் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி ரெண்டு பேரும் நடத்துவார்கள்.

இப்படியே ரெண்டு வருஷம் ஓடியது. ஒப்பந்தம் முடிகிற நாளன்று அறுபத்து நாலு பேரும் குளித்துத் தலைவாரி, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார்கள். உள்ளேயிருந்து அருமைநாயகம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர்கள் கையெழுத்துப் போட்ட பேப்பரில் இன்னும் மூன்று வருஷம் என்று எழுதியிருக்கிறதாம். எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று மயில்தாய் கேட்டாள். அது அவருக்கே படிக்கத் தெரியாத மொழி. பாஸ்போர்ட்டெல்லாம் மானேஜர் அறை இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

அன்றைக்கு முழுக்கக் கை மணியடித்துக்கொண்டே இருந்தது. இசக்கிக்கு இப்போது பதினொரு வயது. "நாளைக்குத்தானே வாற?" என்றாள். வடிவு, "கொஞ்சம் சுணங்கும் தாயி," என்றாள். இசக்கி, "அப்ப ஒம்பேரு வடிவு இல்ல," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வடிவு தங்களை ஆள் பிடித்து அனுப்பிய ஏஜென்ட்டைக் கூப்பிட்டாள், அவன் நம்பர் அணைந்து கிடந்தது. ஒவ்வொரு சர்க்கார் ஆபீசாகக் கூப்பிட்டாள், லைனில் இருங்கள் என்று சொல்லி எல்லா ஆபீசும் முழங்கைக்குள் பாட்டுப் போட்டன. அறுபத்து நாலு பேரும் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம்.

அழுதிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அவள் அழவில்லை. கொதித்தாள். ஒரு வாரம் கொதிப்பு இறங்கவே இல்லை, அந்தக் கொதிப்போடு இஸ்திரி மேசையில் நின்றாள், அவள் இடது கைக்கடியில் போன ஒவ்வொரு விரிப்பும் ஒவ்வொரு தலையணை உறையும் அந்தச் சிக்னலைக் கஞ்சியைக் குடிப்பதுபோலக் குடித்துக்கொண்டு லாரி ஏறிப் போயின.

எட்டாம் நாள் முதல் ஓட்டலிலிருந்து கடிதம் வந்தது. தலையணை பேசுகிறது என்று விருந்தினர்கள் சொல்கிறார்களாம். பெரிதாக ஒன்றும் இல்லை, காதை வைத்துப் படுத்தால் ஒரு பொம்பளைக் குரல் ஏதோ ஒரு பாஷையில், "சாப்டியா? தலைக்குக் குளிச்சியா? எப்ப வருவ?" என்று கேட்கிறதாம். வியாபாரத்துக்கு வந்த ஒரு பெரிய மனுஷன் அறையை மாற்றிக் கேட்டானாம், மாற்றிய அறையில் மயில்தாய் மகன் பதிமூன்றாம் வாய்ப்பாடு சொன்னானாம். குளிர் நாட்டிலிருந்து தனியாக வந்த ஒரு கிழவி மட்டும் இந்தத் தலையணைதான் வேண்டும் என்று அடம் பிடித்து, ஊருக்குப் போகாமல் இன்னும் நாலு நாள் தங்கிவிட்டாளாம். மற்ற ஓட்டல்களும் எழுதின. இந்தச் சங்கதி கேட்டு விடுதியில் சிரித்த சிரிப்பில் பிரகாசிக்கு விக்கல் எடுத்து ஒரு மணி நேரம் நிற்கவில்லை.

கம்பெனி இஞ்சினியர்களைக் கூப்பிட்டது. அவர்கள் கொம்பு வைத்த ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு நீராவிக் குழாய், சோப்புத்தூள் மூட்டை, கூரை என்று எல்லாவற்றையும் மோந்து பார்த்து, கடைசியில் வடிவின் முழங்கைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கருவி கத்தியது. "என்னய்யா ஒம்ம பொட்டிக்கு வலிப்பா?" என்று கேட்டாள் வடிவு.

மறுநாள் காலையில் மானேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது, அன்று சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் இருந்தது, அவளுக்குப் புரியாத மொழியில் இன்னொரு பேப்பர் இருந்தது. மானேஜர் பேசப் பேச அருமைநாயகம் தமிழாக்கினார்.

"ஆஸ்பத்திரியில லேசர் வச்சு அந்தப் பச்சையை அழிச்சிருவாவ. வலி ஒண்ணும் பெருசா இருக்காது. அழிச்சிட்டா நேரா ஏர்போர்ட்டு. நாளைக்கு மத்தியானச் சாப்பாடு ஒங்க வீட்டுல சாப்பிடலாம்."

"மத்தவளுவ?"

அருமைநாயகம் அதை மானேஜரிடம் கேட்கவே இல்லை. "ஒன்னைப் பத்தித்தாம்மா பேச்சு," என்றார்.

வடிவு பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். ரெண்டு வருஷத்துக்கு முந்தின தன் முகம், எண்ணெய் தேய்த்து வகிடெடுத்த தலை. பொய் சொல்வானேன், அவளுக்கு ஆசை வந்தது. இசக்கியை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம், நான் வடிவுதானட்டி என்று சொல்லலாம். வாய் வரைக்கும் சரி என்கிற சொல் வந்துவிட்டது. "கேட்டுக்கிட்டு வாறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து இஸ்திரிக் கூடத்துக்குப் போனாள்.

விஷயத்தைச் சொன்னாள். மிஷின்களை யாரோ நிறுத்தினார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரகாசிதான் முதலில் பேசினாள். "போங்கக்கா. நீங்களாவது போய்ச் சேருங்க." அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியும், ஆமா, நீங்களாவது போங்க, நீங்களாவது பிள்ளையைப் பாருங்க என்றார்கள். மனசாரத்தான் சொன்னார்கள், அதுதான் வடிவைச் சுட்டது. இந்த ரெண்டு வருஷத்தில் பிரகாசி எத்தனையோ தடவை அவளை வேண்டுமென்றே கிண்டியிருக்கிறாள், ஒரு தடவைகூடக் கோபம் இப்படி உச்சி வரைக்கும் ஏறியதில்லை.

"என்னட்டி நீங்களாவது? ஏ, என்ன நீங்களாவது?" என்று கத்தினாள். "ஊருக்குப் போறது என்ன பஞ்சத்துல கடைசி மூடை நெல்லா, எனக்குப் போக மத்தவளுக்கு இல்லைங்கதுக்கு? அறுபத்து நாலு பேரு ஒண்ணா ஏறி வந்தோம். என் கைய அழிச்சிட்டு நான் எம்புள்ளைக்கு முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? மிஷினைப் போடுங்கட்டி! துணியக் கொண்டாங்க!"

கூடத்தில் எரிந்த குழல் விளக்குகள் எல்லாம் ஒரு தடவை மங்கிப் பிரகாசித்தன. கையில் முழு சிக்னல், அதற்கு மேலும் கோடு இருந்தால் அதுவும் ஏறியிருக்கும். வடிவு இடது கையை மேசையில் மல்லாக்க வைத்தாள். முதல் விரிப்பு அதற்கடியில் வந்தது. முழங்கையில் வாயை வைத்து, மிஷின் கூச்சலையும் மீறிச் சொன்னாள்.

"எம்பேரு சுடலைவடிவு. அப்பன் பேரு மாசானம். ரெண்டு வருஷம்னு கூட்டியாந்தாவ. வருஷம் முடிஞ்சு போச்சு. பாஸ்போர்ட்டு அவங்க பொட்டியில இருக்கு. நான் வீட்டுக்குப் போகணும்."

பாஸ்போர்ட் நம்பரையும் சொன்னாள். எத்தனை விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறாள், மனப்பாடம். அடுத்து பிரகாசி வந்தாள். பேரைச் சொன்னாள், அப்பன் பேரைச் சொன்னாள், நம்பரைச் சொன்னாள், நான் வீட்டுக்குப் போகணும் என்றாள். மயில்தாய் வந்தாள். அறுபத்து நாலு பேரும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்தார்கள், குரல் நடுங்கினவள் ரெண்டு தடவை சொன்னாள், வெட்கப்பட்டவளை மற்றவர்கள் முதுகில் தட்டிச் சொல்ல வைத்தார்கள், ஆயிரக்கணக்கான விரிப்புகளும் உறைகளும் துண்டுகளும் அந்தப் பேர்களைக் குடித்துக்கொண்டு மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டு லாரி லாரியாக நகரத்துக்குள் போயின. கம்பெனி முதலாளியின் மாளிகைத் துணியும் அங்கேதான் வெளுப்பது, அதற்கு வடிவு தனியாக, நிதானமாக, எல்லாப் பேரையும் முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு தடவை சொன்னாள்.

மூன்று நாளைக்கு அந்த நகரத்தில் தலை சாய்க்கப் போன ஒருவருக்கும் தூக்கமில்லை. பாஷை புரியாதவர்களுக்குக்கூடப் பேரும் நம்பரும் புரிந்தன, ஒரு பேருக்குப் பிறகு இன்னொரு பேர், ஒரு குரலுக்குப் பிறகு இன்னொரு குரல். யாரோ தமிழ் தெரிந்த ஒரு சமையல்காரர் அர்த்தம் சொன்னார், யாரோ எழுதிக்கொண்டார்கள், யாரோ இந்தியத் தூதரகத்தில் போய்க் கொடுத்தார்கள். தூதரக அதிகாரிக்கு அதற்குள் அறுபத்து நாலு பேரும் மனப்பாடம், அவர் வீட்டு மெத்தை விரிப்பும் ஓட்டல் விரிப்புதானாம். பதினெட்டு ஓட்டல்களும் துணியைத் திருப்பி அனுப்பின. கம்பெனி துணிகளை மறுபடி துவைத்துப் பார்த்தது, கொதிநீரில் போட்டது, வேதிப்பொருள் ஊற்றியது. துவைக்கத் துவைக்கக் குரல்கள் பளிச்சென்று ஆயின. முதலாளி மூன்றாவது நாள் வெறுந்தரையில் படுத்தார் என்றும், தோளில் கிடந்த துண்டு பேசியது என்றும் சொன்னார்கள்.

நாலாம் நாள் காலையில் மானேஜரே ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இஸ்திரிக் கூடத்துக்கு வந்து மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். மயில்தாய் ஒவ்வொன்றாக எடுத்துப் பேர் வாசித்தாள். அறுபத்து நாலும் இருந்தன. சிரிக்கிறவள் சிரித்தாள், அழுகிறவள் அழுதாள், பிரகாசி தன் பாஸ்போர்ட்டைக் கடித்துப் பார்த்தாள். வடிவின் கை மணியடித்தது. "யம்மா," என்றாள் இசக்கி. "வாறேன்," என்றாள் வடிவு, "பேரைத் திருப்பிக் குடுட்டி எனக்கு."

எல்லோரும் பெட்டி கட்டப் போன பிறகும் அருமைநாயகம் வாசலருகே நின்றுகொண்டிருந்தார். காலி அட்டைப் பெட்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார், கையை விட்டுத் துழாவினார். வடிவு சேலையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பும்போதுதான் அவர் பேசினார்.

"தங்கச்சி, என்னோடதும் அந்த இரும்புப் பொட்டியிலதான் கெடக்கு. பதினோரு வருஷமாச்சு. என் பேரையும் கொஞ்சம் சொல்லிவிடுதியா?"

வடிவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. பதினோரு வருஷம்! இத்தனை நாளும் எங்களுக்குக் காவல் நின்ற மனுஷன் தானும் கொட்டடிக்குள்தான் நின்றிருக்கிறார், வாயைத் திறக்கவில்லையே! கிளம்பின கால் நின்றது. வாசலைப் பார்த்து, "ஏ, எல்லாரும் திரும்பி வாங்கட்டி! பஸ்ஸு காத்துக் கெடக்கட்டும். இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்கு," என்று குரல் கொடுத்தாள். அறுபத்து மூன்று பேரும் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். பிரகாசி ஒரு விரிப்பை உதறிப் போட்டாள். வடிவு இடது கையை மேசையில் நீட்டினாள்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. ஒங்க பேரை நீங்கதான் சொல்லணும்."

அருமைநாயகம் குனிந்தார். ரெண்டு தடவை வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை ஏதோ முனகினார்.

"கேக்கல அண்ணாச்சி," என்றாள் வடிவு. "எங்களைத் திட்டும்போது எம்புட்டுச் சத்தம் வந்துச்சு? அதே சத்தத்துல சொல்லுங்க, அப்பன் பேரோட!"